பிரிட்டனில் மூடப்பட்ட இசைக் காணொளிச் சேனல் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

2024 ஜூன் 30 அன்று தி பாக்ஸ், 4மியூசிக், கெராங், கிஸ், மேஜிக் என்ற ஐந்து இசைச் சேனல்களையும் சேனல் 4 நிறுவனம் ஒரே நாளில் நிறுத்தியது. அவற்றில் ஓடிய பாடல் காணொளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை இசை நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. காணாமல் போனது காணொளிகளுக்கு நடுவே இருந்ததுதான்: சேனலின் முத்திரைப் படங்கள், பாடல் பெயர் காட்டும் பட்டை, நேயர் பாட்டுக் கேட்க அழைத்த தொலைபேசி எண், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற வரிசை, விளம்பர இடைவேளை. பாடல்கள் எல்லாச் சேனலுக்கும் பொது என்பதால் ஒரு சேனலை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது இவைதான். இவை இன்று வீட்டு வீடியோ டேப்புகளிலும் உரிமப் பட்டியல்களிலும் பழைய வார இதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, தேதி போட்டு, கோப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

நான்கு இழைகளைப் பிரியுங்கள்

சேனல் வரலாறுகளில் வரும் பிழைகள் பல ஒரே காரணத்தால் வருகின்றன. ‘சேனல்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனிச் சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன: பெயர், உரிமம், இடம், உடைமை. இடம் என்பது செயற்கைக்கோள் அலைவரிசையும், திரை வழிகாட்டியில் உள்ள எண்ணும். இந்த நான்கும் ஒரே நாளில் பிறப்பதில்லை, ஒரே நாளில் சாவதுமில்லை.

பவர் ஸ்டேஷனைப் பாருங்கள். பிரிட்டிஷ் சாட்டிலைட் பிராட்காஸ்டிங் நிறுவனம் 1990 மார்ச் 25 அன்று கேபிளிலும், ஏப்ரல் 29 அன்று மார்கோபோலோ செயற்கைக்கோள் வழியாக நேரடியாக வீடுகளுக்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. அதன் ஐந்து சேனல்களில் இசைக்கென இருந்தது பவர் ஸ்டேஷன். அந்த நிறுவனம் 1990 நவம்பர் 2 அன்று ஸ்கையுடன் இணைந்தது. ‘அன்றோடு முடிந்தது’ என்று எழுதினால் தவறு. பவர் ஸ்டேஷன் 1991 ஏப்ரல் 8 வரை ஓடியது. உடைமை மாறிய நாளுக்கும் பெயர் மறைந்த நாளுக்கும் இடையே ஐந்து மாதம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. தி ஹிட்ஸ் 2008 ஆகஸ்ட் 15 அன்று 4மியூசிக் ஆனது. டிஎம்எஃப் 2009 அக்டோபர் 26 அன்று விவா ஆனது. இவற்றில் பெயர் போனது, இடம் அப்படியே நின்றது. பெயர் நிற்க இடம் மட்டும் போவதும் நடக்கும்: 2022 ஜூன் 29 அன்று ஃப்ரீவியூ என்ற இலவசத் தரைவழி ஒளிபரப்பில் 4மியூசிக் இருந்த இடத்துக்கு இ4 எக்ஸ்ட்ரா வந்தது, ஆனால் 4மியூசிக் என்ற பெயர் வேறு தளங்களில் இன்னும் இரண்டு ஆண்டு வாழ்ந்தது. உடைமை பலமுறை கைமாறியதற்கு ஸ்கஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2003 ஏப்ரலில், மேலே சொன்ன ஸ்கை இணைப்பில் பிறந்த பிஸ்கைபி தொடங்கிய இந்த ராக் சேனல் பிறகு சார்ட் ஷோ சேனல்ஸ் குழுமத்திடம் போனது, 2014இல் அந்தக் குழுமத்தோடு சேர்ந்து சோனி பிக்சர்ஸ் டெலிவிஷனிடம் போனது, 2018 நவம்பர் 15 அன்று மூடப்பட்டது.

ஆகவே விரிதாள் ஒன்றைத் திறந்து ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, தேதியின் துல்லியம் (நாள், மாதம், ஆண்டு), நிகழ்வு, எந்த இழை, சான்று, சான்றின் தரம். தரத்துக்கு மூன்று நிலை போதும். அந்த நாளிலேயே உருவான ஒளிப்பதிவு அல்லது ஆவணம் முதல் தரம். அந்தக் காலத்து இதழ்ச் செய்தி இரண்டாம் தரம். பிற்பாடு எழுதப்பட்டது எல்லாம் மூன்றாம் தரம். மூன்றாம் தரச் சான்றுகள் பத்து சேர்ந்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் அவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்தவை. ஒரே எழுத்துப் பிழை பல இடங்களில் வந்தால் மூலம் ஒன்றே என்று பிடித்துவிடலாம்.

டேப்பிலிருந்து எடுப்பது

1990களின் இசைச் சேனல்களுக்கு இருக்கும் ஆகச் சிறந்த சான்று வீட்டு விஎச்எஸ் டேப். பிரிட்டனில் விற்ற இ-180 டேப் சாதாரண வேகத்தில் 180 நிமிடமும், எல்பி எனப்படும் அரை வேகத்தில் 360 நிமிடமும் பதியும். இசைச் சேனலை மணிக்கணக்கில் பதிய நினைத்தவர்கள் எல்பியைத்தான் தேர்ந்தார்கள். அதில் பதிவுத் தடம் ஒடுக்கம். வேறொரு இயந்திரத்தில் ஓட்டினால் படம் கோடு கோடாக உடையும். எல்பி ஓட்டும், நான்கு ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) உள்ள விசிஆரை, அதாவது வீடியோ டேப் இயந்திரத்தைத் தேடுங்கள், கிடைத்தால் பதிந்த அதே இயந்திரத்தையே வாங்குங்கள். முனையைத் தடத்தோடு பொருத்தும் தானியங்கி டிராக்கிங்கை நம்பாமல் கையால் திருத்துங்கள்.

ஓட்டும் முன் கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து ஓட்டும் எல்லா டேப்புக்கும் பரவும். அந்த டேப்பைத் தனியே உறையிலிட்டு, சுத்தம் செய்த பின்னரே எடுக்க வேண்டும். நல்ல டேப்பை ஒருமுறை கடைசி வரை முன்னோட்டி, திரும்பச் சுற்றி, பிறகு ஓட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த சுருள் அப்போதுதான் சீரான இறுக்கத்துக்கு வரும்.

விசிஆரிலிருந்து கணினிக்கு நேராக இணைத்தால் படத்தின் மேற்பகுதி ஒரு பக்கம் வளையும், சட்டகங்கள் விடுபடும், மணி நேரம் ஓடியபின் ஒலி உதட்டசைவைவிட்டு விலகும். வரிகளின் நேரம் சீராக இல்லாததே காரணம். அதைச் சீர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒன்று நடுவில் வேண்டும். அதற்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து, அதில் எதையும் பதியாமல், ஸ்கார்ட் இணைப்புக் கம்பி வழியாக உள்ளே விட்டு மறுபக்கம் எடுக்கிறார்கள். வளைவு பெருமளவு நேராகிவிடும். பழுதான டேப்பைச் சில கருவிகள் ‘நகல் தடுப்பு உள்ளது’ என்று தவறாக எண்ணிப் பதிய மறுப்பதுண்டு. தொலைக்காட்சியிலிருந்து பதிந்த டேப்பில் அப்படி ஒரு தடுப்பு இராது. வரி நேரத்தைச் சீர்செய்தால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும்.

பதியும் அளவுகள் இவை. பிரிட்டனில் இருந்தது பால் (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறை, ஆகவே 720க்கு 576, நொடிக்கு 25 சட்டகம், இன்டர்லேஸ் (சட்டகத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருவது) அப்படியே. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். கோடெக் (படத்தைக் கோப்பாக்கும் முறை) எஃப்எஃப்வி1 அல்லது ஹஃப்யுவி. சுருக்காமல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும், இழப்பில்லாச் சுருக்கத்தில் அதில் பாதியளவு. மூலக் கோப்பில் இன்டர்லேஸை நீக்காதீர்கள், அடியில் துடிக்கும் சில வரிகளையும் வெட்டாதீர்கள். காட்டுவதற்கான நகலில் மட்டும் க்யூடிஜிஎம்சி அல்லது பிடபிள்யூடிஃப் என்ற, இன்டர்லேஸை நீக்கும் மென்பொருள் கொண்டு நொடிக்கு 50 சட்டகமாக மாற்றுங்கள். 25ஆக மாற்றினால் திரையில் ஓடும் எழுத்துப் பட்டைகளின் வழுக்கல் போய்விடும், அந்தப் பட்டைகள்தானே இங்கே சான்று. பதிந்து முடித்ததும் விடுபட்ட சட்டகங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லையென்றால் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டுங்கள்.

டெலிடெக்ஸ்ட் (தொலைக்காட்சி அலையோடு வந்த எழுத்துப் பக்கங்கள்) தந்த சேனலாக இருந்தால் இரண்டாவது சுற்று ஒன்று உண்டு. டெலிடெக்ஸ்ட், திரையில் தெரியாத மேல்வரிகளில் நொடிக்கு 69,37,500 பிட் வேகத்தில் வந்தது. விஎச்எஸ் டேப்பின் அலைக்கற்றை அதற்குப் போதாது, எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்து நிற்கும். ஆனாலும் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டதால், பல பிரதிகளை ஒப்பிட்டுப் பக்கத்தை மீட்கும் விஎச்எஸ்-டெலிடெக்ஸ்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. யுஎஸ்பி கருவிகளும் டைம் பேஸ் கரெக்டர்களும் பல சமயம் அந்த மேல்வரிகளை வெட்டி எறிந்துவிடும். ஆகவே இந்தச் சுற்றில் கரெக்டரை விலக்கி, மேல்வரிகளைப் பதியத் தெரிந்த பழைய பிடி848 அல்லது பிடி878 சில்லு உள்ள அட்டையில் நேராக இணைக்க வேண்டும். உழைப்புக்குத் தகுந்த பலன் உண்டு: டெலிடெக்ஸ்ட் பக்கத்தின் தலைவரியில் கிழமையும் தேதியும் மணியும் இருக்கும். இதைவிட உறுதியான தேதிச் சான்று டேப்பில் வேறில்லை.

தேதி இல்லாத டேப்புக்குத் தேதி

டேப்பின் மேல் ஒட்டிய காகிதத்தை நம்பாதீர்கள். ஒரே டேப்பில் பத்து ஆண்டுப் பதிவுகள் அடுக்கடுக்காக இருக்கும், காகிதம் ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கும். கடைசிப் பதிவு முடிந்தபின் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அழியாமல் தப்பிய பழைய அடுக்கு பெரும்பாலும் அந்த வாலில்தான் கிடைக்கும்.

விளம்பரங்களில் வரும் லண்டன் தொலைபேசிக் குறியீடு நல்ல அளவுகோல். 01 என்று மட்டும் இருந்தால் 1990 மே 6க்கு முந்தையது. அன்றுதான் 071, 081 என்று பிரிந்தது. 1995 ஏப்ரல் 16 அன்று 0171, 0181 ஆனது. 2000 ஏப்ரல் 22 அன்று 020 ஆனது. ஒரு நுணுக்கம் உண்டு: 0171ஐ 1994 ஆகஸ்ட் முதலும், 020ஐ 1999 ஜூன் முதலும் பயன்படுத்த முடிந்தது. ஆகவே புதிய குறியீட்டைக் கண்டதும் ‘மாற்ற நாளுக்குப் பிந்தையது’ என்று முடிவுகட்டக் கூடாது. பழைய குறியீடு மேல் எல்லையைத் தரும், புதிய குறியீடு அனுமதி தொடங்கிய நாளைக் கீழ் எல்லையாகத் தரும். அவ்வளவுதான்.

திரைப்பட விளம்பரத்தில் ‘வெள்ளி முதல்’ என்று வந்தால் பிரிட்டன் வெளியீட்டுத் தேதியை வைத்து ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். அமெரிக்க வெளியீட்டுத் தேதியை எடுத்துவிடாதீர்கள், அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தது. தரவரிசை நிகழ்ச்சியானால் முதல் பத்துப் பாடல்களின் வரிசையை அதிகாரபூர்வப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வாரம் சிக்கிவிடும். 2015 ஜூலை 10 முதல் பிரிட்டனின் பட்டியல் ஞாயிறுக்குப் பதில் வெள்ளியன்று வெளிவருகிறது என்பதை மறந்தால் சில நாள் பிசகும். ஆனால் சேனல்கள் பல தங்கள் சொந்தத் தரவரிசையையும் ஓட்டின. அதிகாரபூர்வப் பட்டியலோடு பொருந்தாத வரிசையை வலிந்து பொருத்தாதீர்கள்.

ஸ்கை வழிகாட்டி எண் திரையில் வந்தால் அதையும் குறியுங்கள். 2006 பிப்ரவரி இறுதியில் ஸ்கை தன் எண்களைக் கலைத்து அடுக்கியபோது இசைச் சேனல்கள் 400களிலிருந்து 300களுக்கு நகர்ந்தன. ஸ்கை டிஜிட்டல் தொடங்கியதே 1998 அக்டோபர் 1 என்பதால், 400களில் ஒரு இசைச் சேனல் எண் தெரிந்தால் காலம் அந்த ஏழு ஆண்டு சொச்சத்துக்குள் அடங்கிவிடும்.

ஐடென்ட் எனப்படும் முத்திரைப் படத்தை மட்டும் வைத்துத் தேதி சொல்லாதீர்கள். முத்திரைப் படம் ஆண்டுக்கணக்கில் ஓடும். அதற்குப் பின்னால் வந்த விளம்பரம்தான் நாளைச் சொல்லும்.

எண்முறைப் பதிவுகள்

2000க்குப் பிந்தைய பதிவு, தடை நீக்கப்பட்ட இலவச ஒளிபரப்புப் பெட்டியில் ஒளிபரப்பின் மூல ஓடையாகவே சேமிக்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கோப்புக்குள்ளேயே உலக நேரமும் சேனலின் சேவை எண்ணும் நிகழ்ச்சி விவரமும் இருக்கும். டிஎஸ்டக் என்ற இலவச மென்பொருளில் அவற்றைப் படிக்கலாம். கோப்பை எம்பி4ஆக மாற்றிய கணத்தில் இவை எல்லாம் போய்விடும், ஆகவே மூலத்தைத் தொடாமல் வையுங்கள். உலக நேரம் பிரிட்டனின் கோடை நேரத்தைவிட ஒரு மணி பின்னால் இருக்கும். நள்ளிரவில் நின்ற சேனலின் கடைசிக் கணம் கோப்பில் 23:00 என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

ஆவணங்களில் தேடுவது

உரிம இழைக்கு ஒழுங்காற்று அமைப்புகள். காலத்தைப் பொறுத்துக் கதவு மாறும். 1980களின் நடுவிலிருந்து கேபிளுக்குக் கேபிள் அத்தாரிட்டி, 1991 முதல் இண்டிபெண்டன்ட் டெலிவிஷன் கமிஷன், 2003 டிசம்பர் 29 முதல் ஆஃப்காம். ஆஃப்காம் புதிய உரிமம், பெயர் மாற்றம், கைமாற்றம், ரத்து ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிட்டு வந்திருக்கிறது. பழைய பட்டியல்கள் இப்போதைய தளத்தில் இல்லையென்றால் பிரிட்டன் அரசின் வலைக் காப்பகத்தில் தேடுங்கள். உரிமம் கிடைத்த நாளை ஒளிபரப்புத் தொடங்கிய நாளாக எழுதாதீர்கள். உரிமம் வாங்கியும் ஒளிபரப்பாத சேனல்கள் உண்டு, மூடி மாதங்கள் கழித்து உரிமத்தைத் திருப்பித் தந்தவையும் உண்டு.

ஆஃப்காமின் விதிமீறல் அறிக்கைகளைத் தவறவிடாதீர்கள். இரவு 9 மணிக்கு முன் போடக் கூடாத காணொளியைப் பகலில் போட்டதாக இசைச் சேனல்கள் மீது வந்த புகார்களை அவை விவரிக்கும். சேனல், தேதி, மணி, பாடல், சேனலின் விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மூடப்பட்ட ஒரு சேனல் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணிக்கு என்ன போட்டது என்பதற்கு இவ்வளவு துல்லியமான எழுத்துச் சான்று வேறெங்கும் அபூர்வம். தொலைபேசி வழிப் பாட்டுக் கேட்டலில் கட்டணத் தகராறு இருந்தால், அந்தக் கட்டண எண்களை மேற்பார்த்த இக்ஸ்டிஸ், அதன் பின் 2007 முதல் ஃபோன்பே பிளஸ் ஆகியவற்றின் தீர்ப்புகளைப் பாருங்கள்.

உடைமை இழைக்குக் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற பிரிட்டனின் நிறுவனப் பதிவகம். 2015 ஜூன் முதல் அதன் எண்முறை ஆவணங்கள் இலவசம். சேனல் பெயரைத் தேடினால் சரியான நிறுவனம் கிடைக்காது. உரிமப் பட்டியலில் உள்ள உரிமதாரரின் பெயரைத் தேடி, ‘முந்தைய பெயர்கள்’ பகுதியைப் பாருங்கள். ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் குறிப்பில் ‘ஆண்டு முடிந்தபின் நடந்தவை’ என்ற பத்தியில்தான் சேனலை விற்றதும் மூடியதும் வரும்.

இட இழைக்கு லிங்சாட், கிங்ஆஃப்சாட் போன்ற செயற்கைக்கோள் பட்டியல் தளங்களின் பழைய பக்கங்களை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் எடுங்கள். அலைவரிசை, முனைவாக்கம், சேவை எண் மூன்றையும் குறியுங்கள். பெயர் மாறியும் சேவை எண் மாறவில்லையென்றால் அது இடம் மாறாத பெயர் மாற்றம் என்பதற்கு நல்ல சான்று. வேபேக் காட்டும் தேதி, பக்கம் எடுக்கப்பட்ட தேதி, மாற்றம் நடந்த தேதி அல்ல. அடுத்தடுத்த இரு பிடிப்புகளை எல்லைகளாக எழுதுங்கள்.

இதழ்களில் மியூசிக் வீக், பிராட்காஸ்ட் இரண்டும் தொழிலுக்குள்ளிருந்து எழுதப்பட்டவை. மியூசிக் வீக்கின் பழைய பிரதிகள் பல வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் ஸ்கேன் செய்த படங்களாக இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலுக்கு வரும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: 1991 மார்ச் 1 வரை ரேடியோ டைம்ஸ் பிபிசி நிகழ்ச்சிகளை மட்டுமே வெளியிட்டது. அதற்கு முந்தைய செயற்கைக்கோள் சேனல்களின் நிரலை அங்கே தேடுவது வீண், நாளிதழ்களையும் செயற்கைக்கோள் இதழ்களையும் பார்க்க வேண்டும்.

வழக்கமாக விழும் குழிகள்

பெயர் ஒற்றுமை முதல் குழி. தி பாக்ஸ் என்பது மயாமியில் 1985இல் தொடங்கிய வீடியோ ஜூக்பாக்ஸ் நெட்வொர்க்கின் வழித்தோன்றல். பிரிட்டன் கேபிளில் 1992இல் வந்தது. அமெரிக்கச் சேனல் எம்டிவியின் கைக்குப் போய் 2001 ஜனவரி 1 அன்று மறைந்தது. பிரிட்டன் சேனல் எமாப் என்ற ஊடக நிறுவனத்திடம் இருந்தது. 2007இல் சேனல் 4 பாதியை வாங்கியது, எமாப்பின் பாதி 2008இல் பாவர் குழுமத்திடம் போனது, அதையும் 2019இல் சேனல் 4 வாங்கியது. இரண்டையும் கலந்து எழுதிய குறிப்புகள் நிறைய. அதேபோல் தி சார்ட் ஷோ 1986இல் சேனல் 4இல் தொடங்கி 1998இல் ஐடிவியில் முடிந்த நிகழ்ச்சி. சார்ட் ஷோ டிவி அதற்குப் பின் வந்த தனிச் சேனல்.

இரண்டாவது, நாளின் எல்லை. பிரிட்டன் தொலைக்காட்சியின் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் 6 மணிக்கு முடியும். நிரலில் ‘சனி 1.30’ என்றால் நாள்காட்டியில் அது ஞாயிறு அதிகாலை.

மூன்றாவது, தடங்கலை மூடலாக எண்ணுவது. 2021 செப்டம்பர் 25 அன்று மேற்கு லண்டன் ஒளிபரப்பு மையத்தில் தீயணைப்பு அமைப்பு இயங்கியதால் பாக்ஸ் குழுமச் சேனல்கள் பல நாள் நின்றுபோயின. அந்த நாட்களின் பட்டியல் தளங்களை மட்டும் பார்ப்பவர் ‘மூடப்பட்டது’ என்று எழுதிவிடுவார்.

தொலைக்காட்சி பார்ப்போரைக் கணக்கிடும் பார்ப் (BARB) அமைப்பின் கணக்கில் ஒரு சேனல் இல்லையென்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள் அல்ல. சந்தா செலுத்தாத சேனலுக்குக் கணக்கு வெளிவராது.

வெளியிடுவதும் வைத்திருப்பதும்

பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, வீட்டில் பிறகு பார்க்கப் பதிவதை மட்டுமே அனுமதிக்கிறது. ஒளிபரப்புக்கான உரிமை, ஒளிபரப்பான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு நிற்கும். ஒலிப்பதிவுக்கு அதைவிடக் கூடுதல். 30ஆம் பிரிவின் கீழ் விமரிசனத்துக்கும் மேற்கோளுக்கும் நியாயமான அளவு எடுத்துக்காட்டலாம். நடைமுறையில் முழுப் பாடல் உள்ள துண்டை ஏற்றினால் தானியங்கிப் பொருத்தம் அதைத் தடுத்துவிடும், சில சமயம் முழுக் கணக்கும் முடங்கும். ஆகவே வெளியிடும் நகலில் பாடலின் முதல் சில நொடியும் கடைசிச் சில நொடியும் மட்டும் விட்டு, நடுவே உள்ள முத்திரை, பட்டை, விளம்பரம், அறிவிப்பு எல்லாவற்றையும் முழுதாக வையுங்கள். பாடல்களின் வரிசையை எழுத்தில் கொடுங்கள். ஆய்வுக்கு அந்தப் பட்டியல் படத்தைவிட உதவும்.

கோப்புப் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள். தெரியாத இடத்தில் 00 போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து, வெவ்வேறு இடங்களில் இரு பிரதி வையுங்கள்.

பதிந்து முடிந்ததும் டேப்பை எறிந்துவிடாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே நேராகப் பதிந்து, படமாக்கும் வேலையை முழுக்க மென்பொருளில் செய்யும் விஎச்எஸ்-டிகோட் முறை இப்போது இருக்கிறது. சிஎக்ஸ்2388 வகைச் சில்லு உள்ள பழைய தொலைக்காட்சி அட்டையும் விசிஆருக்குள் ஒரு சிறு இணைப்பும் போதும். ஒரே ஓட்டத்தில் படமும் டெலிடெக்ஸ்ட் வரிகளும் சேர்ந்து கிடைக்கும். இன்று படிக்க முடியாத தலைவரியை அதில் படிக்க வாய்ப்பு உண்டு. டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில், பதிவைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டு வையுங்கள்.